பி.ஆர். கோப்பு நடந்துகொண்டிருக்கும்போது விசிட் விசாவில் கனடா போகலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அரச ஆசிரியையாக இருக்கிறீர்கள். ரொறன்ரோவில் நிரந்தர வதிவுரிமையுடன் (பி.ஆர்.) இருக்கும் கணவர், உங்களையும் நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்ள ஸ்பொன்சர் செய்திருக்கிறார். கோப்பு கிடைத்துவிட்டதென்று கடிதமும் வந்துவிட்டது. அது முடிவாவதற்கு முன் விசிட் விசாவில் போய், மூன்று மாதமளவில் இருந்து, அங்கே வாழ முடியுமா என்று பார்த்துவிட்டு வர நினைக்கிறீர்கள். விசிட் விசா கேட்டால் பி.ஆர். கெட்டுப்போகுமா என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால், ஸ்பொன்சர் நடப்பதை விண்ணப்பத்தில் காட்ட வேண்டாம் என்று ஒரு முகவர் சொன்னதால் வந்த பயமும் அதற்குள் இருக்கிறது. போன பிறகு திரும்பாமலே பி.ஆர். எடுத்துவிடலாமா என்ற எண்ணமும் கடைசி வரியில் தெரிகிறது. மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிறவன். மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் கொட்டகலையிலிருந்தும் வருகிறவர்களின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, வெளிநாட்டுக் கோப்புகளுக்கு ஏற்றபடி அடுக்கிக் கொடுப்பது என் தொழில். கனடியச் சட்டத்தின்படி, கட்டணம் பெற்றுக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்வதற்கும் பிரதிநிதியாக நிற்பதற்கும் அந்நாட்டின் சட்டத் தொழிலில் பதிவு பெற்றவர்களுக்கும், அங்குள்ள குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவர்களுக்கும் மட்டுமே உரிமை உண்டு. அந்த உரிமம் எனக்கு இல்லை. ஆகவே சட்டம் எழுத்தில் சொல்வதை ஒரு பக்கமும், கோப்புகளில் நான் கண்டதை இன்னொரு பக்கமுமாகப் பிரித்தே சொல்கிறேன். உங்களுக்கு ஆலோசனை சொன்ன முகவரிடம் அவருடைய பதிவிலக்கத்தைக் கேளுங்கள். அந்தக் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

முதலில் உறுதியானது. நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்திருக்கும் ஒருவர் தற்காலிகமாகப் போய்வரவும் விண்ணப்பிக்கலாம். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 22(2) ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நிரந்தர வதிவாளராகும் எண்ணம் ஒருவருக்கு இருப்பது மட்டும் அவருக்குத் தற்காலிக அனுமதி மறுக்கக் காரணமாகாது, ஆனால் அனுமதித்த காலம் முடிவதற்குள் அவர் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்று உத்தியோகத்தர் திருப்திப்பட வேண்டும். ஆகவே விசிட் விசா கேட்பதால் ஸ்பொன்சர் கோப்பு இரத்தாகாது, பின்னுக்குப் போகாது. விசிட் மறுக்கப்பட்டாலும் அந்த மறுப்பு தன்னளவில் பி.ஆர். மறுப்புக்குக் காரணமாகாது, ஏனென்றால் இரண்டிலும் கேட்கப்படும் கேள்விகள் வேறு. ஸ்பொன்சர் கோப்பில் உங்கள் திருமணம் உண்மையானதா, கணவர் தகுதியுள்ளவரா, உங்கள் உடல்நலமும் பொலிஸ் பதிவும் சரியா என்று பார்க்கிறார்கள். விசிட் கோப்பில், போனால் திரும்புவீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

பி.ஆர். கோப்பைக் கெடுக்கக்கூடியது மறைப்பு. முகவர் சொன்னதை இங்கே தயவுசெய்து நிதானமாக யோசியுங்கள். விசிட் விண்ணப்பப் படிவத்தின் பின்னணிப் பகுதியில், இதற்கு முன் கனடாவுக்குள் வரவோ அங்கே தங்கவோ விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. ஆம் என்றால் விபரம் எழுத இடமும் உண்டு. திருமண நிலையும் கணவர் பெயரும் கேட்கப்படும். குடும்ப விபரப் படிவத்தில் கணவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று எழுத வேண்டும். ஸ்பொன்சர் கோப்பும் விசிட் கோப்பும் ஒரே கணினி முறையில், ஒரே வாடிக்கையாளர் இலக்கத்தின் கீழ் வந்து சேரும். அந்த இலக்கம் உங்களுக்கு வந்த கடிதத்தின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். அப்படியிருக்க "இல்லை" என்று எழுதினால், அதைப் படிக்கும் உத்தியோகத்தருக்கு உண்மை ஏற்கெனவே கண்முன்னால் இருக்கும். அச்சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி, முக்கியமான ஒரு விடயத்தைத் தவறாகச் சொன்னாலோ மறைத்தாலோ 5 ஆண்டு தடை விழும். அந்த 5 ஆண்டுகளில் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. மூன்று மாதப் பயணத்துக்காக 5 வருடத்தை அடகு வைக்கச் சொல்கிறார் அவர். வேறு எந்த ஆலோசனையை ஏற்றாலும் இதை மட்டும் ஏற்காதீர்கள்.

உண்மையைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்ற அச்சம் நம் மலையகத்துக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. 1948 இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம் மூத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்), ஒரே வீட்டில், அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் எழுதிக்கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. படிவம் என்றாலே ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் ஊர் மாறிவிடும் என்ற பயம் அந்தக் காலத்திலிருந்து பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் சில முகவர்கள் பணமாக்குகிறார்கள். உங்கள் விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மறைக்க வேண்டிய எதுவும் உங்கள் கோப்பில் இல்லை.

இனி நிச்சயமற்றதைப் பார்ப்போம். விசா கிடைக்குமா என்பதை என்னாலோ வேறு யாராலோ முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உத்தியோகத்தரின் திருப்தியில் தங்கியிருக்கிறது. நான் பார்த்த மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் வரும்: காலம் முடிந்ததும் வெளியேறுவீர்கள் என்று திருப்தியில்லை, உங்கள் குடும்ப உறவுகள் கனடாவில் இருக்கின்றன, சொந்த நாட்டில் உள்ள பிணைப்புகள் போதாது. கணவரே அங்கிருக்கும்போது குடும்ப உறவு என்ற காரணம் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். அதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது சொந்த நாட்டுப் பிணைப்பு என்ற காரணத்தைத்தான்.

அதில் மலையகத்தவருக்கென்று தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த நாட்டுப் பிணைப்பு என்றதும் எல்லோரும் காணி உறுதியைத்தான் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து விண்ணப்பிப்பவர் தன் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள உறுதியை இணைத்துவிடுவார். நமக்கோ, தலைமுறைகளாக வாழ்ந்த லயத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் பெரும்பாலும் உறுதி கிடையாது. 1992 முதல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. 7 பேர்ச் காணியில் வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்து உறுதியும் கையில் வந்திருந்தால் அதைக் கட்டாயம் வையுங்கள். இல்லையென்றால், இல்லாத காணியைக் காட்ட உறவினரின் உறுதியைக் கடன் வாங்காதீர்கள். அது உங்கள் பிணைப்பு ஆகாது, கேள்வியைத்தான் எழுப்பும். உறுதி ஏன் இல்லை என்பதை விளக்கக் கடிதத்தில் இரண்டே வரியில், தோட்டக் குடியிருப்புகளின் நிலை இதுவென்று எழுதுங்கள். கனடாவில் ஒரு மேசையில் இருந்து கோப்பைப் பார்ப்பவருக்கு நம் ஊர் வழக்கம் தானாகத் தெரிந்திருக்காது.

உங்களிடம் காணியை விடப் பெறுமதியான ஒன்று இருக்கிறது. ஓய்வூதியத்துடன் கூடிய நிரந்தர அரச நியமனம் அது. நியமனக் கடிதம், சேவையில் நிரந்தரமாக்கப்பட்ட கடிதம், கடைசி மாதங்களின் சம்பளப் பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக வலயக் கல்விப் பணிமனை வழியாக வரும் வெளிநாட்டு விடுமுறை அனுமதி ஆகியவற்றை மொழிபெயர்ப்புடன் இணையுங்கள். விடுமுறைக் கடிதத்தில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை விடுமுறை, எந்தத் திகதியில் கடமைக்குத் திரும்ப வேண்டும் என்பவை இருக்க வேண்டும். "மேற்படி ஆசிரியைக்கு வெளிநாடு செல்ல ஆட்சேபனை இல்லை" என்று மட்டும் எழுதிய கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பும் திகதி இல்லாத கடிதம், திரும்புவீர்கள் என்பதற்குச் சான்றாகாது. விசிட் படிவத்தில் நீங்கள் கேட்கும் காலமும் அந்த விடுமுறைக் காலத்துக்குள்ளேயே அடங்கட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் நகையை அடகு வைத்தும் சீட்டை எடுத்தும் இருபது இலட்சம் ரூபாயைக் கணக்கில் போட்டு, வங்கிக் கூற்றை எடுத்தவுடன் திருப்பி எடுக்கும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. கூற்றின் கடைசி வரியைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. மாதாமாதம் சம்பளம் வந்து, கொஞ்சம் மிஞ்சிக்கொண்டு போகும் கணக்கே நம்பிக்கை தருகிறது. பயணச் செலவைக் கணவர்தான் ஏற்கிறார் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அவருடைய அழைப்புக் கடிதம், வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அந்நாட்டு வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல், வதிவுரிமை அட்டையின் பிரதி ஆகியவை போதும். விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்பொன்சர் கோப்பின் இலக்கத்தை முதற் பந்தியிலேயே எழுதி, பி.ஆர். கிடைக்கும்வரை நான் இலங்கையில்தான் வசிப்பேன், கிடைக்காவிட்டாலும் என் தொழிலும் பெற்றோரும் இங்கேதான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உத்தியோகத்தர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியே அதுதான்: பி.ஆர். மறுக்கப்பட்டால் இவர் திரும்புவாரா?

நம் கோப்புகளை அதிகம் சிக்கலாக்குவது பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக, விவாகச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்று வருவது நம் பகுதியில் சர்வசாதாரணம். தோட்டத்தில் பிறந்தவர்களின் பதிவை அறிவித்தவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், எழுதிய மொழி சிங்களம் என்றிருந்தால் பெயர் திரிவது தவிர்க்க முடியாதது. ஸ்பொன்சர் கோப்பில் எந்த எழுத்துக்கூட்டலைக் கொடுத்தீர்களோ அதையே விசிட் கோப்பிலும் கொடுங்கள். வேறு வடிவங்களை, வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் எழுதி, இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி இணையுங்கள். விலாசமும் அப்படித்தான். தோட்டத்தின் பெயரோடு மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதும் இரண்டு கோப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பொன்சர் கோப்பின் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விசிட் படிவத்தை நிரப்புங்கள்.

விசா கட்டணம் 100 கனடிய டொலர், விரலடையாளமும் படமும் எடுக்க 85 டொலர். அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும். மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது, மேன்முறையீடும் கிடையாது. சமஷ்டி நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாமென்றாலும் ஒரு விசிட் விசாவுக்காக அந்தச் செலவு செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகக் கணவர் உங்கள் எழுத்து மூல ஒப்புதலுடன் 5 டொலர் கட்டித் தகவல் கோரிக்கை போட்டால், உத்தியோகத்தர் எழுதிய குறிப்புகள் கிடைக்கும். காரணம் தெரிந்து, அதற்குப் பதிலாகப் புதிய சான்று இருந்தால் மட்டும் மறுபடி விண்ணப்பியுங்கள். ஒரே கடதாசிகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் பயனில்லை. மறுப்பை அடுத்து வரும் எந்த விண்ணப்பத்திலும் மறைக்காதீர்கள்.

கிடைத்துப் போனால், கடவுச்சீட்டில் ஒட்டிய விசா உங்களை வாசல்வரைதான் கொண்டுபோகும். எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் எல்லைச் சேவை உத்தியோகத்தர் முடிவு செய்கிறார். அவர் திகதி எதுவும் எழுதாவிட்டால் 6 மாதம் என்பது விதி. அங்கேயும் ஸ்பொன்சரைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், விடுமுறைக் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருங்கள். விசிட்டில் இருக்கும்போது வேலை செய்ய முடியாது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பணம் வாங்கிப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அதில் அடங்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 6 மாதத்துக்கு மேற்படாத ஒரு பாடநெறியைப் படிக்க அனுமதி தேவையில்லை. விசிட்டில் வந்தவருக்கு ஒன்டாரியோ அரசின் வைத்தியக் காப்புறுதி கிடையாது, அங்கே வைத்தியசாலைக் கட்டணம் தாங்கக்கூடியதல்ல; தனியார் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள். அங்கே வாழ முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கமென்றால் ஜூலையில் போகாதீர்கள், விடுமுறை கிடைத்தால் ஜனவரி, பெப்ரவரியில் போங்கள். நுவரெலியாக் குளிர் பழகியவர்களுக்கும் அது வேறு குளிர். உங்கள் ஆசிரியத் தகைமையை ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி எவ்வாறு மதிப்பிடும் என்பதையும் அந்த நாட்களில் விசாரித்து வாருங்கள். வாழ்க்கை ஒத்துவருமா என்பதில் பாதி அதில்தான் இருக்கிறது.

இனி, திரும்பாமல் அங்கேயே இருந்துவிடலாமா என்பது. சட்டத்தில் அதற்கும் வழி உண்டு: காலம் முடியுமுன் நீடிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை சட்டப்படி அங்கே இருக்கலாம். காலம் கடந்துவிட்டால் 90 நாளுக்குள் நிலையை மீட்க விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நிலைக்கு வராதீர்கள். வெளிநாட்டிலிருந்து போட்ட ஸ்பொன்சர் கோப்பு, நீங்கள் கனடாவுக்குள் இருந்தாலும் தொடர்ந்து நடக்கும். அதைக் கைவிட்டு உள்நாட்டுப் பிரிவில் (கனடாவுக்குள் வாழும் துணைகளுக்கான பிரிவில்) புதிதாகப் போடச் சிலர் சொல்வார்கள்; அவசரப்படாதீர்கள். வெளிநாட்டுப் பிரிவில் மறுக்கப்பட்டால் கணவருக்கு மேன்முறையீட்டு உரிமை உண்டு, உள்நாட்டுப் பிரிவில் அது இல்லை. அங்கே சட்டப்படி தங்கியிருக்கும் ஸ்பொன்சர் துணைகளுக்குத் திறந்த வேலை அனுமதி கொடுக்கும் கொள்கை ஒன்று 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அது சட்டமல்ல, கொள்கை, மாறக்கூடியது. அதை நம்பி இங்கே வேலையை விடுவதற்கு முன் அரசின் இணையத்தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். என்னுடைய கருத்தைக் கேட்டால், திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துப் போகிறவர் போன இடத்தில் உண்மையாகவே மனம் மாறுவது வேறு. திரும்பும் எண்ணமே இல்லாமல் அப்படி எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இவை கனடாவுக்கு மட்டும் பொருந்தும். பிரித்தானியாவில் விசிட்டில் போய் அங்கிருந்தே வாழ்க்கைத்துணை விசாவுக்கு மாற முடியாது. அமெரிக்கச் சட்டம் விசிட் கேட்பவரைக் குடியேற வருபவராகவே முதலில் எண்ணும், அல்ல என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. அவுஸ்திரேலிய விசிட் விசாவில் 8503 என்ற நிபந்தனை இருந்தால், விதிவிலக்குப் பெறாமல் அங்கிருந்து வேறு விசா கேட்க முடியாது.

கடைசியாக, நீங்கள் பார்த்து முடிவெடுக்க விரும்புவதற்கு விசிட் விசா மட்டும் வழியல்ல. பி.ஆர். கிடைத்துப் போய் இறங்கிய பிறகும், 5 ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால் வதிவுரிமை நிலைக்கும். ஆகவே விசிட் மறுக்கப்பட்டாலும், இறங்கி, சில மாதம் இருந்து பார்த்து, திரும்பி வந்து இங்குள்ள காரியங்களை முடிக்க அவகாசம் இருக்கிறது. வைத்தியப் பரிசோதனை 12 மாதத்துக்கே செல்லும், வதிவுரிமை உறுதிப்படுத்தல் கடிதத்தின் காலாவதியும் பெரும்பாலும் அதையும் கடவுச்சீட்டையும் ஒட்டியே அமையும் என்பதை மறக்காதீர்கள். இடையில் குழந்தை பிறந்தால், எந்த நாட்டில் பிறந்தாலும், இறங்குவதற்கு முன் கட்டாயம் அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்ட பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போகலாம். வெளிநாட்டு விடுமுறை அனுமதி பாடசாலை, கோட்டம், வலயம் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்வர நாளெடுக்கும் என்பதால், விசா படிவத்துக்கு முன் அந்த விண்ணப்பத்தை இந்தக் கிழமையே அதிபரிடம் கொடுத்துவிடுங்கள். வதிவுரிமை உறுதிப்படுத்தல் கடிதம் கையில் வரும்வரை இராஜினாமாக் கடிதம் எதையும் எழுத வேண்டாம்.